பலகைக்குக் காவல்

பிச்சைமுத்துவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வெளியே லாரி ஹாரன் அடித்தது. பெரியநாயகி முடிச்சை விடவில்லை. பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணி கோணலாக வந்திருந்தது. ஒரு முனையைப் பல்லால் கடித்து இறுக்கினாள். ஹாரன் மறுபடியும் அடித்தது. நாட்டுக்கே பெரிய தேர்தல் நாள். கெலாடி ரப்பர் தோட்டத்து ஆட்களைச் செலண்டார் ஓட்டுச்சாவடிக்கு ஏற்றிப்போக வந்த லாரி. விடியற்காலையில் உயிரை விட்ட அவள் கணவருக்காக அது வாயை மூடிக்கொண்டு நிற்குமா என்ன?

"டேய், சாவு வீடுடா! கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லு லா!" என்று வாசலில் நின்று முத்தாயி கத்தினாள்.

ஹாரன் அடங்கியது. என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது.

முத்தாயி பக்கத்து வீட்டுக்காரி. கப்பலேறி வந்த வருஷம் எதுவென்று சொல்லத் தெரியாததால் அவளுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை, ஓட்டும் இல்லை. அதனால்தான் இவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பெரியநாயகிக்குத் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து பிணத்துக்குப் பக்கத்தில் பசியோடு உட்கார்ந்திருப்பவளைப் பற்றி இப்படி நினைக்கலாமா? நினைத்தாகிவிட்டது. அதில் பொய்யும் இல்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வாசல்வரை வந்தார்கள். பவுடர் பூசிய முகங்கள். தீபாவளிக்கு எடுத்த சேலைகள். உள்ளே எட்டிப் பார்த்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "மத்தியானத்துக்குள்ள வந்துருவோம் அக்கா, லாரிய விட்டா வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியநாயகி எல்லாருக்கும் தலையாட்டினாள். கோபம் வரவேண்டிய இடம்தான். ஆனால் இத்தனை பேரையும் ஓட்டுப் போட வைக்க வீடு வீடாக ஏறி இறங்கியவரே கட்டிலில் கிடக்கும்போது யாரைக் கோபிப்பது?

கடைசியாக இருளாண்டி வந்தான். தப்பைத் தோளில் மாட்டியிருந்தான். அதைப் பார்த்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சாவு வீட்டில் இவ்வளவு நேரம் ஒரு அடிகூட விழவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டிருந்தது.

"வந்துட்டியாப்பா. அப்படி வேப்பமரத்துக்கிட்ட நின்னு அடி."

இருளாண்டி தரையைப் பார்த்தான். "இல்லக்கா... மொதலாளி ஊர்வலத்துக்கு முன்கூட்டியே சொல்லி வச்சிட்டாங்க. செலண்டார் பாசார்லேருந்து அடிச்சுக்கிட்டுப் போவணுமாம். போயிட்டு வந்து அண்ணனுக்கு அடிச்சுர்றேன். சத்தியமா லா."

"போ" என்றாள்.

முதலாளி என்று அவன் சொன்னது குடைச் சின்னத்தில் நின்ற வேட்பாளரை. மலாக்கா டவுனில் பெரிய கடை வைத்திருப்பவர். கட்சி எதுவும் இல்லை, சுயேச்சை. ஏழைகளுக்கு வெயிலிலும் மழையிலும் குடையாக இருப்பேன் என்று கோயில் திடலில் பேசினார். அன்றைக்கு மழை பெய்தது. அவர் மட்டும் குடைக்குள் நின்றார், மற்ற எல்லாரும் நனைந்துகொண்டே கைதட்டினார்கள். பெரியநாயகிக்குச் சிரிப்பு வந்தது. பிச்சைமுத்து அவளை முறைத்தார்.

"சிரிக்காதே. பாலம் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்காரு."

அந்த ஒரு சொல்லுக்குத்தான் மனுஷன் விழுந்துவிட்டார்.

தோட்டத்துச் சுடுகாட்டுக்குப் போகிற வழியில் குறுக்கே பாரிட் என்று சொல்லும் பெரிய வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. வெயில் காலத்தில் முழங்கால் தண்ணீர், மழை பிடித்தால் இடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் தோட்டத்து எல்லை இல்லை என்று துரை கைவிரித்துவிட்டார். செத்தவர்களை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கித்தான் கரை சேர்க்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன், அவசரகாலம் என்று தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, ஊரடங்கு வைத்திருந்தார்கள். காட்டில் கம்யூனிஸ்டு ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று பயம். பெரியநாயகியின் மகள் மங்களம் காய்ச்சலில் செத்துப்போனாள். விட்டு விட்டு மூன்று நாள் மழை. கேட் மூடுவதற்குள் போய்வர வேண்டும் என்று சிப்பாய் விரட்டினான். சின்னப் பிள்ளைதானே, பாடை எதற்கு என்று பிச்சைமுத்துவே துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நடு பாரிட்டில் கால் வழுக்கியது. பிள்ளை தண்ணீரில் விழுந்துவிட்டது. ஓடிய தண்ணீரில் தேடிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனாராம். இதை அவர் சொல்லவில்லை. கூடப் போன அவருடைய தம்பி மருதமுத்து சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு பல நாள் அவர் சோற்றில் கை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். ஒன்றும் கேட்கக்கூடாது. கேட்டால் எழுந்து போய்விடுவார்.

நமக்கு ஓட்டு இல்லை, அதனால்தான் யாரும் நம்மை மதிக்கவில்லை என்பது அவர் கட்சி. குடியுரிமை கொடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றார். லயத்தையே இழுத்துக்கொண்டு போனார். மருதமுத்து மட்டும் வரவில்லை. "ஓட்டுப் போட்டா மரத்துல பால் நெறைய வடியுமா?" என்று கேட்டுவிட்டுக் கள்ளுக்கடைப் பக்கம் போய்விட்டான். சில மாதங்களுக்கு முன் மாநிலத் தேர்தல் வந்தது. பாலம் வரவில்லை. "அது சின்னத் தேர்தல். பெரிய தேர்தல்ல வரும் பாரு" என்றார்.

வந்தது. பாலம் இல்லை, பலகை. ஓட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு லாரி நிறைய நீள உத்தரமும் தடித்த பலகையும் கொண்டுவந்து பாரிட் ஓரத்தில் இறக்கினார்கள். மேலே ஒரு குடைப் படம் நட்டார்கள். பிச்சைமுத்து அன்றைக்கு இரண்டு வேளைச் சோற்றையும் ஒரே வேளையில் தின்றார். பிறகு யாரோ ஒரு பலகையை ஆட்டுக் கொட்டகைக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். அவர் போய்ச் சண்டை போட்டுத் திருப்பி வாங்கினார். அன்றிலிருந்து ராத்திரி ஆனால் பால்வாளியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். மழை பெய்தால் சாக்கைத் தலையில் போட்டுக்கொள்வார்.

"யாராவது காவல் காக்கச் சொன்னாங்களா ஒங்கள?"

"நம்ம பாலம் நாயகி. நாம பாக்காட்டி யாரு பாப்பா?"

நெஞ்சில் சளி கட்டியது. தோட்டத்து டிரஸ்ஸர் கொடுத்த மருந்து கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் ஓட்டுக்குப் போட்டுக்கொண்டு போக வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். கரி போட்டுப் பெட்டியைச் சூடாக்கித் தேய்த்து ஆணியில் மாட்டினாள். விடியற்காலையில் தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

"அக்கா."

செருப்பை வெளியே விட்டுவிட்டுக் காளிதாஸ் உள்ளே வந்தார். முதலாளியின் கடையில் கணக்கு எழுதும் கிராணி, தேர்தலுக்கு ஓடியாடுபவர். கையில் மாலை இருந்தது. பிணத்தின் மேல் போட்டுவிட்டுக் கைகூப்பி நின்றார். பழக்கப்பட்ட நிற்பு. அவருக்குப் பின்னால் மருதமுத்து, வேலைக்குப் போடும் பால்கறைச் சட்டையோடு, தலையைக் குனிந்துகொண்டு.

"அண்ணனப் போல ஒரு ஆளு இந்தத் தோட்டத்துல இல்லக்கா. மொதலாளி கேட்டுட்டு ரொம்ப வருத்தப்பட்டாரு" என்றார் காளிதாஸ். சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "அண்ணனோட கடைசி ஆசை ஓட்டுப் போடணும்னுதானே? அது வீணாப் போகக்கூடாதுல்ல. அண்ணன் ஐ.சி. கார்டக் கொடுத்தீங்கன்னா, தம்பி போயிப் போட்டுட்டு வந்துருவாரு. ஜாடை ஒண்ணுதான். போட்டோவும் அவசரகாலம் ஆரம்பிச்சப்ப எடுத்தது, மங்கலாத்தான் இருக்கும்."

முத்தாயி நிமிர்ந்து பார்த்தாள்.

பெரியநாயகி கணவரின் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சேர்த்துத் தலையோடு கட்டியிருந்ததால் பல்வலிக்காரர் போல இருந்தார். உயிரோடு இருந்தால் இந்தக் காளிதாஸை விளக்குமாற்றால் அடித்துத் துரத்தியிருப்பாரா, அல்லது பாலம் வரும் என்றால் சரி என்றிருப்பாரா? அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியும் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். நேற்றும் மழை, பாரிட்டில் இடுப்புத் தண்ணீர். சாயங்காலம் இவரை அதில் இறக்க வேண்டும்.

"அந்தப் பலகைய இன்னிக்குப் போடுவீங்களா?" என்றாள்.

"என்னக்கா?"

"பாரிட்ல. இவரத் தண்ணியில எறக்கக்கூடாது. இவரு காவல் காத்த பலகை மேலதான் போவணும். போட்டுத் தர்றதா இருந்தா ஐ.சி. தர்றேன்."

காளிதாஸ் முகம் மலர்ந்தது. இவ்வளவு மலிவாக முடியும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "சாயங்காலமே போட்டுர்றோம்கா. நான் கேரண்டி. லாரியையும் ஆளையும் நேரா பாரிட்டுக்கே அனுப்பிர்றேன்."

"அண்ணி, நீங்க சொன்னாத்தான் போவேன்" என்றான் மருதமுத்து. அவன் கண்கள் சிவந்திருந்தன. கள் குடித்த சிவப்பு இல்லை.

"போ."

தகரப் பெட்டியைத் திறந்து அவருடைய அடையாளக் கார்டை எடுத்துக் கொடுத்தாள். காளிதாஸ் மருதமுத்துவை மேலும் கீழும் பார்த்தார். "இந்தச் சட்டையோட போனா எவன் நம்புவான்?" என்று சொல்லிக்கொண்டே ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டினார். குளிப்பாட்டிய பிறகு அவருக்குப் போடுவதற்கு என்று அவள் வைத்திருந்த சட்டை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். மருதமுத்து அதற்குள் ஒரு கையை நுழைத்துவிட்டான்.

அவன் வெளியே போனபோது அவள் வாசலுக்கு வந்து நின்றாள். கம்பிவேலியில் துருப்பிடித்துக் கிடந்த கேட்டைத் தாண்டி லாரியை நோக்கி நடந்தான். அதே வெள்ளைச் சட்டை. அதே சாய்ந்த தோள். பின்னாலிருந்து பார்க்க அவரேதான். இன்னும் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "கதவைச் சாத்திக்க நாயகி" என்று சொல்லிவிட்டுப் போவார் போல இருந்தது. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்த அழுகை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். லாரி கிளம்பிய சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

பிறகு லயத்தில் சத்தமே இல்லை. பிணம் எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டக்கூடாது. அதனால் புகையும் இல்லை. கோழிகள் வீடுகளுக்குள் போய்வந்துகொண்டிருந்தன. முத்தாயி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பெரியநாயகி தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள். ஈ விரட்டினாள். பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும்போல இருந்தது. கட்டிலில் கிடந்தவரோடுதான் பேச முடியும்.

"ஒங்க ஓட்ட வித்துட்டேன்" என்று மெதுவாகச் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க."

முத்தாயி கண்ணைத் திறக்காமலே, "நீ வித்தது அவருக்காகத்தானே, விடு" என்றாள்.

"எனக்கும் ஒரு ஓட்டு இருக்குக்கா. ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம்னு சொல்லியிருந்தாரு."

முத்தாயி கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டாள். அவ்வளவுதான்.

மத்தியானம் போயிற்று. வெயில் சாயத் தொடங்கியபோதுதான் லாரி வந்தது. இறங்கியவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். வாசலைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பெண்கள் உள்ளே வந்து அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். மனதார அழுதார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டிக்கொண்ட ஒவ்வொரு கையிலும் ஆட்டிறைச்சி மசாலா மணந்தது. முதலாளி சாப்பாடு போட்டிருக்கிறார். சாவு கிடக்கும்போது வாயில் சோறு வைக்காத லயம், ஊர் மாறினால் வழக்கமும் மாறிவிடும் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ. முத்தாயி மட்டும் அந்த மணம் தாங்காமல் எழுந்து வெளியே போய்விட்டாள். பாவம், அவளுக்குப் பசி.

மருதமுத்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். கார்டையும் கொடுத்தான். சட்டைப் பையோரம் மஞ்சளாக எண்ணெய்க் கறை.

"போட்டாச்சா?" என்றாள்.

"போட்டாச்சு அண்ணி. அண்ணன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. 'பிச்சைமுத்து'ன்னு. நான்தான்னு கை தூக்கினேன்." சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து தலையை நனைத்துக்கொண்டான்.

குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். கறைபட்ட சட்டையை அவருக்குப் போடவேண்டாம் என்று ஒருத்தி சொன்னாள். பெரியநாயகி அதை மடித்து, கறை உள்பக்கம் போகும்படி, அவர் தலைக்கு அடியில் வைத்தாள். அவள் தாலியைக் கழற்றியபோது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இருளாண்டி அடித்தான். காலையிலிருந்து ஊர்வலத்தில் அடித்த கை, அடி தளர்ந்து தளர்ந்து விழுந்தது.

பெண்கள் லயத்து முனையோடு நின்றுவிட வேண்டும். எல்லாரும் நின்றார்கள். பெரியநாயகி நிற்கவில்லை.

"ஏய் நாயகி, எங்க போற? பொம்பள வரக்கூடாது லா" என்று முத்தாயி கையைப் பிடித்தாள்.

"பாரிட் வரைக்குந்தான். தாண்ட மாட்டேன்."

கையை உதறிக்கொண்டு பாடைக்குப் பின்னால் நடந்தாள். ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருதமுத்து நெருப்புச் சட்டியோடு முன்னால் போய்க்கொண்டிருந்தான், அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் மற்றவர்களும் சொல்லவில்லை.

காளிதாஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். பாரிட்டின் குறுக்கே உத்தரங்கள் கிடந்தன, மேலே பலகைகள் அடுக்கப்பட்டிருந்தன. ஆணி அடிக்கவில்லை. கரையில் லாரி நின்றது. லாரிக்காரனும் இரண்டு ஆட்களும் பிணத்தைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். கீழே செம்மண் தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது.

தூக்கியவர்கள் பலகையில் கால் வைத்தார்கள். பலகை கிறீச்சிட்டது. பாதியில் ஒருவன் கால் லேசாகப் பிசகியது. ரப்பர் மரத்தைப் பிடித்திருந்த அவள் கை பட்டையைப் பிறாண்டியது. பிறகு நான்கு பேரும் அந்தக் கரையில் ஏறிவிட்டார்கள். பொரி இறைத்துக்கொண்டே மற்றவர்களும் தாண்டினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. உள்ளதைச் சொல்வதென்றால், சந்தோஷமாகக்கூட இருந்தது. மரங்களுக்கு நடுவே பாடை மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். தப்புச் சத்தம் தேய்ந்தது.

பின்னால் மரம் மரத்தில் மோதும் சத்தம் கேட்டது. திரும்பினாள். ஆட்கள் பலகைகளை ஒவ்வொன்றாக உருவி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா பண்றீங்க?"

லாரிக்காரன் அவளை அப்போதுதான் கவனித்தான். சின்ன வயசு. சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். "மரக்கடைக்குத் திருப்பணும்கா. வாடகைக்கு எடுத்தது, இன்னிக்கோட சரி."

"பாலம் போடுற பலகைன்னு சொன்னாங்களே."

"எல்லாத் தோட்டத்துலயும் அப்படித்தான்கா சொல்றாங்க. சின்னத் தேர்தலப்ப இதே பலகைதான் அந்தப் பக்கத் தோட்டத்துல கெடந்துச்சு. நான்தான் எறக்குனேன், நான்தான் ஏத்துனேன்." உத்தரத்தின் ஒரு முனையைத் தோளில் வாங்கிக்கொண்டான். "இன்னிக்குப் போட்டதே ஒங்களுக்காகத்தான். எங்கயும் போட்டதில்ல."

"போனவங்க திரும்பி வரணுமே."

"அவங்களுக்குத் தண்ணியில நடந்து பழக்கந்தானேக்கா" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னான்.

அவனிடம் அதற்குமேல் என்ன கேட்பது? கேட்க வேண்டியவர்கள் மலாக்காவில் வெற்றி ஊர்வலத்துக்குத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். இன்னொருவர் அந்தக் கரையில், கட்டிய வாயோடு. லாரி கிளம்பியது. பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த பலகைகளில் சேற்றுக் கால்தடங்களும், ஒட்டிக்கொண்ட பொரியும் தெரிந்தன. வளைவில் திரும்பும்போது குடைப் படத்தையும் ஒருவன் பிடுங்கிப் பலகைக்கு மேல் போட்டிருப்பதைப் பார்த்தாள்.

பலகை கிடந்த இடத்தில் புல் வெளிறி நீளமாகப் படுத்திருந்தது. பக்கத்தில் பால்வாளி கவிழ்ந்தபடி அப்படியே இருந்தது. மழைக்குப் போட்டுக்கொண்ட சாக்கு அதன் மேல் மடித்துக் கிடந்தது. அவர் எதையும் மடித்துத்தான் வைப்பார். பெரியநாயகி சாக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

மரங்களுக்கு மேலே புகை எழுந்தது. வெகுநேரம் கழித்து ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. கரைக்கு வந்ததும் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"அண்ணி!" என்று மருதமுத்து அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டான். "பலகை எங்க?"

அவள் உட்கார்ந்தபடியே லாரி போன பக்கம் கையைக் காட்டினாள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது.